கரண்ட் போனதும் கத்துகிறதே யு.பி.எஸ்... அது சொல்வது உங்கள் கம்ப்யூட்டருக்குக் கேட்கிறதா?

மேசைக்கு அடியில் கிடக்கும் கறுப்புப் பெட்டியைக் கடைசியாக எப்போது திரும்பிப் பார்த்தீர்கள்? அநேகமாக, கரண்ட் போய் அது 'பீப்... பீப்...' என்று கத்தியபோதுதான். கத்தினால் என்ன செய்வோம்? அவசர அவசரமாக 'சேவ்' கொடுத்து, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு, ஃபேன் இல்லாத அறையிலிருந்து வாசலுக்கு வந்து உட்காருவோம். சரி, அந்த நேரத்தில் நீங்கள் டீக்கடையில் இருந்தால்? சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தால்? இரவு முழுக்க ஏதோ டவுன்லோடு ஆகட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கியிருந்தால்?

பெட்டி பத்து நிமிடம் கத்தும். பிறகு பேட்டரி தீரும். கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். யு.பி.எஸ். இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதேதான் பத்து நிமிடம் தள்ளி நடக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பெட்டியால் ஒரு பலனும் இல்லை.

இதைத் தடுக்க ஒரு கேபிளும் ஒரு மென்பொருளும் போதும். பெரும்பாலும் மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. ஆனால், யு.பி.எஸ். வைத்திருக்கும் பலரும் தொட்டே பார்க்காத விஷயம் இதுதான். வாங்க, விவரமாகப் பார்க்கலாம்.

சங்கரன்கோவிலுக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் என்ன சம்பந்தம்?

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் என்றால் சங்கரநாராயணர் கோயிலும் ஆடித்தபசும் நினைவுக்கு வரும். கூடவே விசைத்தறிகள், பூ மார்க்கெட். தறி ஓடுவதற்கு மட்டும்தான் இங்கே மின்சாரம் தேவை என்று இருந்த காலம் போய்விட்டது. தறிக்கூலிக் கணக்கு, பூக்கடை கமிஷன் கணக்கு, ஜி.எஸ்.டி. பில் எல்லாமே கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டன. போட்டித் தேர்வு விண்ணப்பம், கல்லூரி விண்ணப்பம், பட்டா, வருமானச் சான்றிதழ் என்று எது வேண்டுமானாலும், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் போய் நிற்பது பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையிலும் இ-சேவை மையத்திலும்தான்.

இந்தப் பக்கத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. சுரண்டை, ஊத்துமலை பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். மின்சாரம் தயாராகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலையில் போகும் கரண்ட் மதியம்தான் வரும். அதையாவது முன்கூட்டியே அறிவிப்பார்கள். மரக்கிளை விழுந்தாலோ, டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போனாலோ சொல்லிக்கொண்டா வரும்?

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டி மின்வெட்டு இருந்தது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அந்தக் காலகட்டத்தில்தான். இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனால், கரண்ட் போகவே போகாது என்று சொல்ல உலகத்தில் எந்த ஊருக்கும் தைரியம் கிடையாது. 2025 ஏப்ரல் 28-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கின. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையில் தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்கள் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம்.

திடீரென அணைந்தால் என்னதான் ஆகும்?

கம்ப்யூட்டரில் நீங்கள் டைப் செய்வது முதலில் போய் உட்காருவது ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில். மின்சாரம் நின்றால் அதில் இருப்பது எல்லாம் காலி. வேர்டு, எக்செல் போன்றவை வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளும். அதாவது, கடைசிப் பத்து நிமிட உழைப்பு போய்விடலாம்.

அது பரவாயில்லை, திரும்ப டைப் செய்துகொள்ளலாம் என்பீர்கள். பெரிய ஆபத்து வேறு. ஹார்டு டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ ஒரு ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால், அந்த ஃபைல் பாதி பழசு, பாதி புதுசு என்று நின்றுவிடும். கணக்கு மென்பொருளில் இப்படி நடந்தால் அன்றைய கணக்கு மட்டுமல்ல, வருஷக் கணக்கே திறக்காமல் போகலாம். விண்டோஸ் அப்டேட் நடந்துகொண்டிருந்தால் கம்ப்யூட்டரே மறுபடி கிளம்ப அடம்பிடிக்கலாம். பத்திரிகை அடிக்கக் கொடுத்த கல்யாண வீட்டுக்காரரிடம் 'ஃபைல் போச்சு' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்!

எனவே, யு.பி.எஸ். வாங்குவதன் முதல் நோக்கம் கரண்ட் இல்லாதபோதும் வேலை பார்ப்பது அல்ல. கம்ப்யூட்டர் ஒழுங்காக மூடிக்கொள்ளத் தேவையான சில நிமிடங்களை வாங்கித் தருவதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லா செட்டிங்கும் எளிதாகப் புரிந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

நம்மூரில் வீட்டு ஃபேன், லைட்டுக்கு வைக்கும் இன்வெர்ட்டரையும் 'யு.பி.எஸ்.' என்றுதான் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல.

வீட்டு இன்வெர்ட்டர், பெரிய பேட்டரியோடு பல மணி நேரம் ஃபேன் ஓட்டுவதற்கானது. கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் சில கம்ப்யூட்டர்கள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அதனால்தான் பல இன்வெர்ட்டர்களில் 'யு.பி.எஸ். மோடு' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் வேகமாக மாறும். ஆனால், பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களுக்குக் கம்ப்யூட்டரோடு பேசத் தெரியாது. இப்போது வரும் சில மாடல்களில் மொபைல் ஆப் உண்டு. பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று போனில் பார்க்கலாம். ஆனாலும் 'பேட்டரி தீரப்போகிறது, மூடிக்கொள்' என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் போகாது.

மேசைக்கடியில் வைக்கும் சின்னப் பெட்டிதான் கம்ப்யூட்டருக்கான யு.பி.எஸ். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

பெட்டியின் முதுகைப் பாருங்கள்

இப்போதே யு.பி.எஸ்.ஸைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரின்டருக்குச் செருகுவது போன்ற சதுரமான யு.எஸ்.பி. துளை இருக்கிறதா? அல்லது 'டேட்டா போர்ட்' என்று எழுதி, நெட்வொர்க் கேபிள் செருகும் துளைபோல ஒன்று இருக்கிறதா? இருந்தால் உங்கள் யு.பி.எஸ்.ஸுக்குப் பேசத் தெரியும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, 'டேட்டா போர்ட்' நெட்வொர்க் துளைபோல இருந்தாலும் அதில் சாதாரண நெட்வொர்க் கேபிளைச் செருகக் கூடாது. அதற்கென்று கம்பெனி தரும் தனி கேபிள் உண்டு. ஒரு முனை யு.பி.எஸ்.ஸுக்கும் மறுமுனை கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.க்கும் போகும். வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே, பிரிக்காத கவருக்குள் கிடக்கலாம். தேடிப் பாருங்கள். இரண்டாவது, சில யு.பி.எஸ்.களில் இன்டர்நெட் லைனை மின் அதிர்விலிருந்து காப்பதற்காக இரண்டு நெட்வொர்க் துளைகள் இருக்கும். அவை வேறு, டேட்டா போர்ட் வேறு.

விலை குறைந்த 600 வி.ஏ. மாடல்கள் பலவற்றில் இந்த வசதியே இருக்காது. புதிதாக வாங்கப்போகிறவர்கள் 'எத்தனை வி.ஏ.?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'கம்ப்யூட்டரோடு இணைக்க டேட்டா கேபிள் வருமா?' என்றும் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும்.

மென்பொருளே இல்லாமல் ஒரு வழி

பேசத் தெரிந்த யு.பி.எஸ்.கள் பலவற்றை, கேபிளைச் செருகியதுமே விண்டோஸ் தானாக அடையாளம் கண்டுகொள்ளும். டெஸ்க்டாப்பின் கீழ்மூலையில், லேப்டாப்பில் வருவது போலவே ஒரு பேட்டரி படம் முளைக்கும். அரசின் விலையில்லா லேப்டாப் வாங்கிய மாணவர்களுக்கு அந்தப் படம் நல்ல பழக்கம். சார்ஜ் குறைந்தால் லேப்டாப் எச்சரிக்கும், கடைசியில் தானே அடங்கிவிடும். அதே புத்தி உங்கள் டெஸ்க்டாப்புக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து செய்ய வேண்டியவை:

* கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போங்கள்.
* 'சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்', அதற்குள் 'சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்' என்பதைத் திறங்கள்.
* வரும் சிறிய பெட்டியின் கடைசியில் 'பேட்டரி' என்று இருக்கும். அதை விரியுங்கள்.
* 'லோ பேட்டரி லெவல்' என்பதை 50 சதவிகிதம் ஆக்குங்கள். இது எச்சரிக்கை வரும் அளவு.
* 'கிரிட்டிகல் பேட்டரி லெவல்' என்பதை 30 சதவிகிதம் ஆக்குங்கள். இது கம்ப்யூட்டர் தானே முடிவெடுக்கும் அளவு.
* 'கிரிட்டிகல் பேட்டரி ஆக்‌ஷன்' என்பதில் 'ஹைபர்னேட்' தேர்ந்தெடுங்கள்.

வழக்கமாக அந்தக் கடைசி அளவு 5 சதவிகிதம் என்றுதான் இருக்கும். லேப்டாப்புக்கு அது சரி. யு.பி.எஸ்.ஸுக்கு ஆபத்து. ஏனென்றால், யு.பி.எஸ்.ஸில் இருப்பது ஈய அமில பேட்டரி. பழசாகிவிட்டால் 60 சதவிகிதம் என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டு, அடுத்த நிமிடம் படுத்துவிடும். 5 சதவிகிதம் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் வராமலேயே போகலாம்.

ஹைபர்னேட்டா, ஸ்லீப்பா, ஷட் டவுனா?

இதில்தான் பலரும் தவறான ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

'ஸ்லீப்' வேண்டவே வேண்டாம். ஸ்லீப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் தூங்குவதுபோலத் தெரிந்தாலும், ரேம் நினைவகத்தை உயிரோடு வைத்திருக்க மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். யு.பி.எஸ். பேட்டரி தீர்ந்ததும் எல்லாம் போய்விடும்.

'ஷட் டவுன்' பாதுகாப்பானது. ஆனால், சேவ் செய்யாத ஃபைல் திறந்திருந்தால் 'சேவ் செய்யவா, வேண்டாமா?' என்று கேட்டுவிட்டு மென்பொருள் காத்து நிற்கும். பதில் சொல்லத்தான் அங்கே ஆள் இல்லையே!

'ஹைபர்னேட்' என்றால், திறந்திருக்கும் ஃபைல்கள் உட்பட ரேமில் உள்ள அனைத்தையும் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு முழுசாக அணைந்துவிடும். கரண்ட் வந்து ஆன் செய்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாதி டைப் செய்த கல்யாணப் பத்திரிகை அப்படியே இருக்கும்.

சில டெஸ்க்டாப்களில் ஹைபர்னேட் என்ற சொல்லே பட்டியலில் இருக்காது. அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்ற கட்டளையில் ஹைபர்னேட்டை ஆன் செய்தால் வந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவரிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை.

கம்பெனி மென்பொருள் கூடுதலாக என்ன தரும்?

விண்டோஸ் செய்வது அடிப்படை வேலை. யு.பி.எஸ். தயாரிப்பாளர்கள் தரும் மென்பொருள் இன்னும் ஆழமாகப் போகும். ஏ.பி.சி. நிறுவனத்துக்கு 'பவர்ச்சூட்', வேறு பல பிராண்டுகளுக்கு 'வியூபவர்' என்று பெயர்கள் மாறும். அவரவர் மாடலுக்கு எது பொருந்தும் என்பது கம்பெனி இணையதளத்தில் இருக்கும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழக்கமான நியூமெரிக் யு.பி.எஸ். நிறுவனத்தை 2012-ல் பிரான்ஸின் லெக்ராண்ட் வாங்கியது. அதன் பெரிய மாடல்களுக்கும் இப்படிக் கண்காணிப்பு வசதிகள் உண்டு.

இந்த மென்பொருட்களில் கவனிக்க வேண்டியவை நான்கு.

1. லோடு: இப்போது யு.பி.எஸ்.ஸின் தலையில் எத்தனை வாட் சுமை இருக்கிறது, அதன் திறனில் அது எத்தனை சதவிகிதம் என்று காட்டும். 80 சதவிகிதத்தைத் தாண்டினால் எதையாவது கழற்றுங்கள். முதலில் கழற்ற வேண்டியது லேசர் பிரின்டர். தாளைச் சூடாக்க அது நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். அதை நேரடியாகச் சுவர் பிளக்கில் போடுங்கள். வைஃபை ரவுட்டரை மாட்டிக்கொள்ளலாம், அது இழுப்பது சொற்பம்தான்.

2. எவ்வளவு நேரம் தாங்கும்: இப்போதைய சுமைக்கு எத்தனை நிமிடம் ஓடும் என்ற மதிப்பீடு. இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

3. எப்போது மூடுவது: 'பேட்டரியில் இத்தனை நிமிடம் மிச்சம் இருக்கும்போது' என்றும் வைக்கலாம், 'கரண்ட் போய் இத்தனை நிமிடம் ஆனதும்' என்றும் வைக்கலாம். பழைய பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. 3 நிமிடம் என்று வையுங்கள். கண் சிமிட்டும் நேரத்துக்குப் போய் வரும் கரண்டுக்குக் கம்ப்யூட்டர் அசையாது. மூன்று நிமிடம் தாண்டியும் வரவில்லை என்றால் பேட்டரியை நம்பாமல் மூடிக்கொள்ளும்.

4. பேட்டரி பரிசோதனை: ஒரு பட்டனை அழுத்தினால் யு.பி.எஸ். சில நொடிகள் பேட்டரிக்கு மாறித் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை செய்தால், பேட்டரி சாகப்போவது அது சாவதற்கு முன்பே தெரியும்.

போனஸாக ஒன்று: இரவில் கத்துகிற சத்தத்தை மட்டும் நிறுத்தி வைக்கும் வசதியும் பல மென்பொருட்களில் உண்டு. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இதுவே பெரிய உதவி!

'டக்... டக்...' சத்தம் வருகிறதா?

சாயங்காலமானால் தெருவில் வோல்டேஜ் இறங்கும். கரண்ட் போகாமலேயே யு.பி.எஸ். 'டக்... டக்' என்று பேட்டரிக்குப் போய்ப் போய் வரும். நம் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். அது யு.பி.எஸ். ஏற்கும் எல்லைக்குக் கீழே போகும்போதெல்லாம் பேட்டரி வேலை செய்கிறது. இப்படியே போனால், மின்வெட்டே இல்லாத ஊரிலும் பேட்டரி சீக்கிரம் தேய்ந்துவிடும். நிஜமாகவே கரண்ட் போகும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

சில யு.பி.எஸ்.களின் மென்பொருளில் 'சென்சிட்டிவிட்டி' என்றும், பேட்டரிக்கு மாற வேண்டிய வோல்டேஜ் எல்லை என்றும் செட்டிங்குகள் இருக்கும். சென்சிட்டிவிட்டியை 'ஹை'யிலிருந்து 'மீடியம்' அல்லது 'லோ'வுக்கு மாற்றினால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களுக்கெல்லாம் யு.பி.எஸ். பதறாது. ஜெனரேட்டரிலோ வீட்டு இன்வெர்ட்டரிலோ இருந்து யு.பி.எஸ்.ஸுக்கு மின்சாரம் கொடுப்பவர்களுக்கும் இந்த செட்டிங் தேவைப்படும். அந்த மின்சாரம் மின்வாரிய மின்சாரம்போல ஒரே சீராக இருக்காது. 'இது சரியான கரண்ட் இல்லை' என்று யு.பி.எஸ். மறுத்துவிட்டு, தன் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடும். சதுர அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை அதிகம். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பிரச்னை குறைவு.

மென்பொருளில் 'ஈவென்ட் லாக்' என்று ஒரு பக்கம் இருக்கும். எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, எப்போது வந்தது என்பதைப் பதிவு செய்யும். வோல்டேஜ் குறைந்ததையும் குறித்து வைக்கும் மென்பொருட்கள் உண்டு. 'எங்க தெருவுல எப்பவும் லோ வோல்டேஜ் சார்' என்று சொல்வதைவிட, தேதி, நேரத்தோடு பத்து நாள் பட்டியலைக் காட்டிப் பேசுவது வேறு. மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையம் 2021 ஜூனில் தொடங்கப்பட்டது. 94987 94987 என்ற எண்ணில் 24 மணி நேரமும் புகார் சொல்லலாம். பேசும்போது அந்தப் பட்டியல் கையில் இருக்கட்டும்.

பத்து நிமிடம்தானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

600 வி.ஏ. என்று எழுதியிருந்தால் அது 600 வாட் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மாடல்களில் உண்மையான திறன் சுமார் 360 வாட்தான். உள்ளே இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. உங்கள் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 120 வாட் இழுத்தால், காகிதக் கணக்கில் 42 நிமிடம் வர வேண்டும்.

நிஜத்தில் புதிய பேட்டரியிலேயே பத்து, பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுவதில் கொஞ்சம் வீணாகிறது. ஈய அமில பேட்டரியை வேகமாக இறக்கினால் அதன் முழுக் கொள்ளளவும் வெளியே வராது. மீதியை வெயில் பார்த்துக்கொள்கிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. சித்திரை வெயிலில் ஓடு வேய்ந்த கடைக்குள் இருக்கும் யு.பி.எஸ்.ஸை நினைத்துப் பாருங்கள். மூன்று, நான்கு வருடம் வர வேண்டிய பேட்டரி இரண்டு வருடத்திலேயே முடிந்துவிடுவது இதனால்தான். சுவரோடு ஒட்டி வைக்காமல், காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள்.

ஒரு யு.பி.எஸ்., நான்கு கம்ப்யூட்டர்

பிரவுசிங் சென்டரிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ ஒரு பெரிய யு.பி.எஸ்.ஸில் பல கம்ப்யூட்டர்கள் ஓடும். டேட்டா கேபிளோ ஒன்றுதான். அதை ஒரு கம்ப்யூட்டரில் செருகி, அது மற்றவற்றுக்கு நெட்வொர்க் வழியாகத் தகவல் சொல்லும்படி செய்யலாம். 'நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ்' என்ற இலவச, திறந்த மூல மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. சுருக்கமாக 'நட்' என்பார்கள். ரஸ்ஸல் க்ரோல் என்பவர் 1990-களின் கடைசியில் தொடங்கியது. பிறகு உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். பல கம்பெனிகளின் யு.பி.எஸ்.களோடு ஒத்துப்போகும். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு முதல் தேர்வு இதுதான். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்களில், யு.பி.எஸ்.ஸைச் செருகினால் எனர்ஜி செட்டிங்கிலேயே அதற்கான பகுதி வந்துவிடும்.

இன்னும் பெரிய அலுவலகங்களில் யு.பி.எஸ்.ஸை நேரடியாக நெட்வொர்க்கில் இணைத்து, நூற்றுக்கணக்கான கருவிகளோடு சேர்த்து ஒரே திரையில் கண்காணிப்பார்கள். இப்படிப்பட்ட நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள் தயாரிக்கும் உலக நிறுவனங்களில் ஒன்றுக்கு நம் தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் உண்டு. ஆம், ஸோஹோதான். அதன் மேனேஜ்இன்ஜின் பிரிவு தரும் 'ஆப்மேனேஜர்' யு.பி.எஸ்.களையும் கண்காணிக்கும்.

ஹேக்கர்களுக்கு யு.பி.எஸ்.ஸில் என்ன வேலை?

இருக்கிறது. 2022 மார்ச்சில் ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், ஏ.பி.சி.யின் ஸ்மார்ட் யு.பி.எஸ். வகைகளில் இருந்த ஓட்டைகளை 'டி.எல்.எஸ். ஸ்டார்ம்' என்ற பெயரில் வெளியிட்டது. இன்டர்நெட்டில் இணைந்த யு.பி.எஸ்.களைத் தொலைவிலிருந்தே கைப்பற்ற முடியும் என்பது அதன் சாரம். அதே மாதக் கடைசியில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பும் ஓர் எச்சரிக்கை விடுத்தது. கம்பெனி கொடுத்த ஆரம்ப யூசர்நேம், பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருக்கும் யு.பி.எஸ்.களுக்குள் அந்நியர்கள் நுழைகிறார்கள் என்றது.

யு.எஸ்.பி. கேபிளில் மட்டும் இணைத்திருக்கும் வீடு, கடைகளுக்கு இந்த அச்சம் குறைவு. ஆனாலும் மூன்று விதிகள்: மென்பொருளைக் கம்பெனி இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். பாஸ்வேர்டு கேட்கும் மென்பொருள் என்றால் முதல் நாளே மாற்றுங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

செட் செய்தாயிற்று... வேலை செய்யுமா?

சோதிக்காத செட்டிங்கை நம்பக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யு.பி.எஸ். முழு சார்ஜில் இருக்கும்போது, எல்லா ஃபைலையும் சேவ் செய்து மூடிவிட்டு, தேவையில்லாத ஒரு ஃபைலை மட்டும் திறந்து வையுங்கள். பிறகு யு.பி.எஸ். செருகியிருக்கும் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் எர்த் இணைப்பும் துண்டிக்கப்பட்டுவிடும்.

கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பாருங்கள். எச்சரிக்கை வருகிறதா? சொன்ன நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அடங்குகிறதா? எத்தனை நிமிடம் ஆயிற்று? அந்தத் தேதியையும் நிமிடத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி யு.பி.எஸ். மேலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். மூடுவதற்கு முன்பே பட்டென்று அணைந்துவிட்டால், பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பேட்டரி உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ நீங்களே கழற்ற முயல வேண்டாம். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடுவதும் கூடாது. உள்ளே இருக்கும் ஈயம் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2022-ல் வந்த மத்திய அரசின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். பெரும்பாலும் விலையில் கொஞ்சம் குறைத்தும் கொடுப்பார்கள்.

சுருக்கமாக...

* டேட்டா கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள்.
* 30 சதவிகிதத்தில் அல்லது கரண்ட் போன 3 நிமிடத்தில் ஹைபர்னேட் ஆகும்படி வையுங்கள்.
* லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் இருந்து கழற்றுங்கள்.
* லோ வோல்டேஜ் தெரு என்றால் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள்.
* மாதம் ஒருமுறை பேட்டரி டெஸ்ட், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்விட்சை அணைத்து முழுச் சோதனை.
* முக்கியமான ஃபைல்களுக்கு எப்போதும் இன்னொரு பிரதி வைத்திருங்கள். யு.பி.எஸ். அதற்கு மாற்று அல்ல.

இதில் முதல் இரண்டுக்கும் அரை மணி நேரம் போதும். அடுத்த மாதப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வருவதற்குள் முடித்துவிடுங்கள். அன்று கரண்ட் போகும்போது நீங்கள் கடையில் இருந்தாலும் சரி, கோயிலில் இருந்தாலும் சரி, பாதியில் விட்ட கணக்கு பத்திரமாக இருக்கும்.